ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது

அத்தியாயம் 14

அந்த வரியைப் படிப்பதற்கு முன்னால் கோகிலவாணி கடைசியாகச் செய்த காரியம், மஞ்சுளாவின் டப்பாவிலிருந்து அவித்த குச்சிக்கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதுதான்.

"உப்பு பத்தலைங்களாக்கா?" என்றாள் மஞ்சுளா.

"பத்தும் பத்தும். நீ அடுத்ததை அடி."

போலீஸ் அலுவலகத்தின் பின்கட்டில் இருந்தது ஆவண அறை. கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள், சிவப்புத் துணியில் முடிச்சுப் போட்ட கட்டுகள், ஒரே ஒரு ஜன்னல். பழைய பதிவேடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்து இரண்டு மாதமாகிறது. கோகிலவாணி படிப்பாள். ஒப்பந்த வேலைக்கு வந்த மஞ்சுளா தட்டுவாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் எடுத்தது, அடையாளம் தெரியாத பிணங்களின் பதிவேடு.

அதைத் தூக்கி மேசையில் வைத்தபோதே கோகிலவாணிக்கு மனசு உறுத்தியது. போன திங்கட்கிழமைதான் வீட்டில் கற்பூரம் ஏற்றி அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள் அம்மா. "பொணக் கணக்குல என்ற மகனைத் தேடமாட்டேன்னு சொல்லு." கோகிலவாணி சொன்னாள். கற்பூரம் அணைகிறவரை கையை நீட்டியபடி நின்றாள்.

தம்பி குருமூர்த்தி வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருடம். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பிய ஏதோ ஒரு போர்வெல் லாரியில் ஏறி வடக்கே போனான் என்பதோடு தகவல் நின்றது. அவன் மனைவி சுகன்யா அவர்களோடுதான் கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டில் இருக்கிறாள். ஜவுளிக்கடை ஒன்றில் தையல் வேலை. இப்போது ஆத்தூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் காளிதாஸ் என்பவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். மனைவியை இழந்தவர், நல்ல மாதிரி.

சுகன்யா யாருக்கும் பதில் சொல்லவில்லை. கோகிலவாணியிடம் மட்டும் ஒன்று கேட்டாள். "உங்க ரூம்ல எல்லாப் பொணமும் எழுதி வெச்சிருக்குமாமே அண்ணி. அதுல அவரு இருக்காரான்னு பாத்துச் சொல்லுங்க. இருந்தா நான் போறேன். இல்லைன்னா இங்கயே கெடக்கறேன்."

அதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டுத்தான் அம்மா கற்பூரம் ஏற்றினாள்.

"இருநூத்திப் பதிமூணு," என்று படித்தாள் கோகிலவாணி. "ஆண். வயது சுமார் ஐம்பது. நீலக் கட்டம் போட்ட லுங்கி. ஒரு காலில் செருப்பு."

"ஏனுங்கக்கா, சாவறவங்க எல்லாம் ஒத்தச் செருப்போடயே சாவறாங்க. இன்னொண்ணை எவன் எடுத்துட்டுப் போறான்?"

"லாரிக்காரனைக் கேளு. இருநூத்திப் பதினாலு. ஆண். வயது சுமார் இருபத்தெட்டு. உயரம் ஐந்தடி ஆறு. கறுப்பு பேன்ட். சட்டையில் கிரீஸ் கறை. வலது புருவத்தின் மேல் பழைய வெட்டுத் தழும்பு. இடது முன்கையில்..."

மஞ்சுளாவின் விரல்கள் காத்திருந்தன.

"இடது முன்கையில்?"

மஞ்சுளா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பித் தானே படித்துக்கொண்டாள். "இடது முன்கையில் ‘குஞ்சம்மாள்’ என்று தமிழில் பச்சை குத்தப்பட்டுள்ளது. பொண்டாட்டி பேராட்டம் இருக்குது. அடிச்சாச்சுங்க. அடுத்தது?"

குஞ்சம்மாள் என்பது கோகிலவாணியின் அம்மா பெயர்.

அந்தத் தழும்பும் அம்மாவுடையதுதான். குருவுக்கு ஒன்பது வயதில், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடுப்படியில் நின்றவன்மேல் அவள் வீசிய கரண்டி பட்டுப் பிளந்தது. நான்கு தையல். பச்சை எப்போது குத்திக்கொண்டான் என்று தெரியவில்லை. வீட்டைவிட்டுப் போகும்போது அவன் கையில் ஒன்றுமில்லை. "இனி இந்த ஊட்டுப் படி ஏறுனா நான் பொணமாத்தான் கெடப்பேன்" என்று எல்லோர் முன்னிலும் அம்மா சொன்ன பிறகுதான் போனான். அதற்கப்புறம் எங்கேயோ ஒரு ஊரில், யாரோ ஒருவனிடம் கையை நீட்டி, அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

"தண்ணி குடிச்சுட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு அவள் எழவில்லை. அடுத்த கட்டங்களைப் பார்த்தாள்.

கிடந்த இடம்: ஆத்தூர் சாலையோரம், அரிசி ஆலைக்கு எதிர்ப்புறம். காரணம்: அடையாளம் தெரியாத வாகனம் மோதி. தேதி, அவன் காணாமல் போனதிலிருந்து எட்டாவது மாதம். வீட்டுக்கு வரும் வழியா, வீட்டைத் தாண்டிப் போகும் வழியா என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

விசாரணை: குஞ்சம்மாள் என்ற பெயருள்ள மூன்று பெண்களை விசாரித்ததில், மூவரும் தங்களுக்குத் தொடர்பில்லை எனக் கூறினர்.

கடைசிக் கட்டத்தில் ஊதா மையில் ஒரு முத்திரை இருந்தது. ‘காணாமல் போனோர் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. கோப்பு அழிக்கலாம்.’ கீழே ‘கோ.வா.’ என்று சுருக்கொப்பம். போன வருடம் மார்ச் மாதத் தேதி.

கையெழுத்து அவளுடையது.

அந்த மார்ச் மாதம் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆய்வுக்கு மேலதிகாரி வருகிறார் என்று அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். கெடு முடிந்த பிணக் கோப்புகள் மட்டும் முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றையும் பிரித்து, போட்டோவைப் பார்த்து, அடையாளங்களைக் காணாமல் போனோர் பதிவேட்டில் தேடி, இல்லை என்று உறுதியானால்தான் முத்திரை குத்த வேண்டும். அவள் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. நேரம் இல்லை என்பது ஒரு காரணம். அது எல்லோருக்கும் சொன்ன காரணம்.

முதல் கட்டின் முடிச்சில் கை வைத்தபோது, உள்ளே குருவின் முகம் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டாள். முத்திரையைக் கையில் எடுத்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் முந்நூறும் முடிந்தது. மறுநாள் காகித ஆலை லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. பார்க்கப் பயந்து பார்க்காமல் விட்டது, அந்த லாரியில் போயிருக்கிறது.

மஞ்சுளா சாப்பிடப் போனதும் கோகிலவாணி போனை எடுத்தாள். ஆத்தூர்ப் பக்கத்து ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர் சண்முகவேல். பழகிய குரல்.

"இருநூத்திப் பதினாலா? எட்டு வருஷத்துக் கதையாச்சேம்மா. ஃபைலு உங்ககிட்டதானே வந்துச்சு?"

"அழிச்சாச்சுங்க."

"அப்பறம் என்னைக் கேட்டா? போட்டோ, துணி, எந்த இடத்துல பொதச்சோம், எல்லாம் அதுலதாம்மா இருக்கும். அதுக்குத்தானே அழிக்கறதுக்கு முன்ன நீங்க ஒரு தபா பாக்கறது."

"பொதச்ச எடம் யாருக்காச்சும் ஞாபகம் இருக்குமுங்களா?"

"அநாதைப் பொணத்துக்கு யாரும்மா ஞாபகம் வெச்சிக்கறது? ஒண்ணுமேல ஒண்ணு பொதைப்பாங்க. ரோடு அகலம் பண்ணப்போ அந்தச் சுடுகாட்டுல பாதி போச்சு. ஏன், யாராச்சும் சொந்தம்னு வந்து நிக்கறாங்களா?"

கோகிலவாணி முத்திரையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"நம்பாதீங்கம்மா. உசுரோட இருக்கறப்ப ஒருத்தனும் தேடமாட்டான். செத்தவாட்டி இன்சூரன்ஸுக்கு வருவாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. அவளுக்கு இரண்டு மூன்று தடவை கொய்யாப்பழம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

மூன்று மணிக்குப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலகக் கண்காணிப்பாளர் அர்த்தநாரியின் மேசைக்குப் போனாள். ஏழு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். வரியைக் காட்டி, இது என் தம்பி என்றாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு விரலை மெல்லக் கடைசிக் கட்டத்துக்கு நகர்த்தினார்.

"இது யாரு குத்துனதுங்கம்மா?"

"நானுங்க."

"நீங்க பாத்தீங்கன்னு நம்பி அழிப்புப் பட்டியல்ல கையெழுத்துப் போட்டது?"

"நீங்க."

"ஆச்சு." அவர் பதிவேட்டை மூடினார். "இப்ப இதை எழுத்துல குடுக்கறீங்கன்னு வெச்சுக்குவோம். பாக்காமயே முந்நூறு குத்துனீங்கன்னு ஆகும். இவரு உங்க தம்பி. மிச்சம் இருநூத்தித் தொண்ணூத்தொம்பது பேரும் யாரோட தம்பின்னு கேப்பாங்க. உங்க வேலை போகும். என்ற பென்ஷன் நிக்கும். அந்த ஒரு வரியை வெச்சுட்டு உங்களுக்கு என்ன கெடைக்கும்? எலும்பு கெடைக்குமா? சாம்பல் கெடைக்குமா?"

"அவன் சம்சாரம் காத்துட்டு இருக்குதுங்க."

"ஒம்பது வருசம் காத்தவங்களுக்கு இன்னொரு ஏழு மாசம் பெருசுங்களா?" கோபமே இல்லாமல் கேட்டார். "செத்தவனுக்கு அவசரம் கெடையாதுங்கம்மா. நான் போன பொறகு என்ன வேணா பண்ணுங்க. டீ சொல்லட்டுங்களா?"

அவள் டீ வேண்டாம் என்றாள். பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வரும்போதுதான், வாசலில் சுகன்யா வந்திருப்பதாகக் காவலுக்கு நின்றவர் வந்து சொன்னார்.

வாகனங்கள் நிற்கும் கொட்டகையின் நிழலில் நின்றிருந்தாள் சுகன்யா. கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கழுத்தில் அளவு நாடாகூடக் கழற்றப்படாமல் தொங்கியது. முப்பத்து மூன்று வயதில் காதோரம் இரண்டு மூன்று நரை.

"ரெண்டு நிமிசந்தானுங்க அண்ணி. வேலையைக் கெடுக்க வரலைங்க. நாளைக்கு ஆத்தூர்ல இருந்து அவிய அம்மா வாராங்களாம், முடிவு கேக்க."

"ம்."

"வக்கீலு ஏழு வருசம் தாண்டுனாப் போதும், யாரு வேணா கட்டிக்கலாம்ங்கறாரு. வக்கீலுக்கு என்னங்க? நாளைக்கே அவரு வந்து வாசல்ல நின்னா, அந்த மூஞ்சிய வக்கீலா பாக்கப்போறாரு? நாந்தானே பாக்கோணும்." அளவு நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அத்தை சத்தியம் வாங்குனது தெரியுமுங்க. ஆனா நீங்க பாத்திருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியும். பாத்தீங்களாண்ணி?"

கொட்டகையில் ஒரு போலீஸ்காரர் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு நுரை அவர்கள் காலடிவரை ஓடிவந்தது. கோகிலவாணி ஓரடி பின்வாங்கினாள்.

"பாத்தேன்."

"இருந்தாருங்களா?"

ஏழு மாதம் என்ற சொல் கோகிலவாணியின் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. இவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் வரியைக் காட்டினால், அடுத்த நொடி இவள் விரலும் அர்த்தநாரியின் விரலைப் போலக் கடைசிக் கட்டத்துக்குத்தான் போகும்.

"இல்லை அம்மிணி," என்றாள்.

சுகன்யா முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கொட்டகைத் திண்டில் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளைங்க," என்றாள். அழுதபடியே சிரிப்பும் வந்தது அவளுக்கு. "நல்லவேளைங்க அண்ணி. நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். ரெண்டு நாளாத் தூக்கமில்லை. நெசமா எல்லாத்தையும் தேடுனீங்களா?"

"ஒண்ணு விடாம."

இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இல்லை என்பதோடு நின்றிருக்கலாம். ஏன் சொன்னோம் என்று பிறகு பல நாள் யோசித்தும் கோகிலவாணிக்குப் பிடிபடவில்லை.

சுகன்யா பையிலிருந்து போனை எடுத்தாள்.

"இப்ப யாருக்கு?"

"தள்ளிப்போட்டா மனசு மாறிருமுங்க." அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். "ஏனுங்க, நாந்தானுங்க சுகன்யா. அம்மாவை நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிருங்க. ஆமாங்க. இல்லீங்க, யாரும் ஒண்ணும் சொல்லலைங்க. அவரு உசுரோட இருக்காருங்க. விசாரிச்சாச்சு, என்ற நாத்தனார் ஆபீசுலயே பாத்துச் சொல்லிட்டாங்க. சரிங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. மூணாவது ஷிப்டு போகாதீங்க, உடம்பு தாங்காது. சரிங்க. வெச்சர்றேனுங்க."

போனைப் பைக்குள் போட்டு, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள்.

"நல்ல மனுசனுங்க," என்றாள். "என்ன பண்றது."

இவ்வளவும் நடந்தபோது கோகிலவாணி கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள். அந்தப் போனைப் பிடுங்க ஒரு எட்டு போதும். எடுத்து வைக்கவில்லை.

சாயந்தரம் ஆறரைக்குக் கோகிலவாணி வீட்டுக்குப் போனபோது, வெளியில் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவின் குரல் கேட்டது. எழுபதை நெருங்கியும் குஞ்சம்மாளுக்குக் குரல் தளரவில்லை.

"பொணத்துல தேடச் சொன்னாளே மகராசி. என்ற மகனைப் பொணமாக்கிப் பாக்கோணும்னு எத்தனை ஆசை. ஏண்டி, ஆத்தூருக்குப் போறதுக்குன்னு பீரோவுல ஒரு சேலை எடுத்து வெச்சிருந்தயே, பச்சைக்கரை போட்டது, அதை என்ன பண்ணப்போற?"

சுகன்யா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "இருக்கட்டுமுங்க அத்தை."

"இருக்கட்டுமா? எம்பட பையன் வாரப்ப கட்டிக்க. கேட்டான்னா, இன்னொருத்தனுக்குன்னு எடுத்ததுன்னு நானே சொல்றேன்."

சுகன்யா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"போதும்மா," என்றாள் கோகிலவாணி.

அம்மா திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் வந்து மகளின் முகவாயைப் பிடித்தாள். "சத்தியத்தை மீறித் தேடிட்டயல்லோ நீ? தேடு. கற்பூரம் மன்னிச்சுக்கும். இல்லைன்னுதானே வந்துச்சு? அது போதும் சாமி. நீ வாயில வெச்சுச் சொன்ன பாரு, அது எனக்குப் பத்து வருசத்துக்குத் தாங்கும்."

ஒன்றே ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லிவிடலாமா என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. உன் பெயரைக் கையில் குத்தி வைத்திருந்தான் அம்மா. சொன்னால் அந்த முகம் மலரும். அடுத்த கேள்வி வருகிறவரை மலர்ந்திருக்கும். ‘உனக்கெப்படித் தெரியும்?’

சுகன்யாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையில் தன் பெயர் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியாது.

முகம் கழுவப் போனவளின் போன் ஒலித்தது. மஞ்சுளா.

"அக்கா, வீட்டுக்குப் போயிட்டீங்களா? ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனைக்காதீங்க."

"சொல்லு."

"காலைல அந்த வரியில நின்னுட்டீங்கல்ல. மூஞ்சியே செத்துப்போச்சு உங்களுக்கு. எனக்கு மனசு கேக்கலைங்க. நீங்க கெளம்புன பொறகு காணாமப் போனவங்க பதிவேட்டை எடுத்துப் பாத்தேன். அதே வயசு, அதே உயரம், அதே புருவத்துத் தழும்பு. விலாசம் கொண்டப்பநாயக்கன்பட்டியில உங்க வீடு. புகார் குடுத்தது குஞ்சம்மாள்." மஞ்சுளா மூச்சு வாங்கினாள். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சுருதுங்கக்கா. பத்து நிமிசங்கூட ஆகலை. உங்க வீட்டுக்கு நான் சொல்லட்டுங்களா, இல்லை நீங்களே சொல்லிட்டீங்களா?"

குழாயைத் திறந்துவிட்டாள் கோகிலவாணி. தண்ணீர்ச் சத்தம் போதுமான அளவு வந்ததும், "வேற யாருகிட்டயாச்சும் காட்டுனயா?" என்று கேட்டாள்.

"திங்கக்கிழமை பேசலாமுங்கக்கா," என்று மஞ்சுளா போனை வைத்துவிட்டாள்.

வெளியே வந்தபோது அம்மா சமையலறைக் கதவோரம் ஒரு மூட்டையின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ரேஷனுக்குப் போயிருந்தேன். கைரேகை வெக்காதவங்க பேரையெல்லாம் எடுத்துருவோம்னு கடைக்காரன் ரெண்டு மாசமா மெரட்டிட்டு இருந்தானல்லோ. இன்னிக்கு மெசின்ல வாரதைப் படிச்சுக் காட்டச் சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"படிச்சான். ஒரு பேரையும் இன்னும் எடுக்கலை. குஞ்சம்மாள், கோகிலவாணி, குருமூர்த்தி, சுகன்யா."

அவள் மூட்டையைச் சாய்த்தாள். அரிசி டிரம்முக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. நான்கு பேருக்கு உண்டான அரிசி.